தூண்கிட்ட ஒரு முழம்

"நடுவுல எல்லாம் சரி சார். தூண்கிட்டதான், ஒரு முழத்துக்கு, சத்தம் சரியில்லை."

ஏழாவது பீமின் அடியைத் தட்டிப் பார்த்து மேஸ்திரி சொன்னது இவ்வளவுதான். இன்ஜினியரான நான் சொன்னதும் நீளமில்லை: "டெஸ்ட் பாஸ் ஆயிருச்சு அண்ணே." அதற்கு அவர், "நீங்க சொன்னா சரி சார்" என்று சொல்லிவிட்டு கிரைண்டரை எடுத்துக்கொண்டு எட்டாவது பீமுக்குப் போய்விட்டார். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. நாலு வருஷமாக இதைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்க்கிறேன்.

திருவான்மியூர் பக்கம், கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் பழைய அடுக்குமாடி. கீழே கார் நிறுத்தும் இடம். மேல்தளத்தைத் தாங்கும் பதினோரு பீம்களில் பாதிக்கு அடிக்கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் தோல்) உதிர்ந்து கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆறாவது பீமில் துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியர் வைத்தால், 16 எம்எம் கம்பி 13 காட்டியது. விட்டத்தில் மூன்று போனால் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட பீம்களுக்கெல்லாம் முட்டுக் கொடுத்து, கவரை உடைத்து, புதுக்கம்பியைத் தூணில் துளை போட்டு நட்டு, பாலிமர் கலவையால் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அதற்கும் மேல் கார்பன் இழைத் துணி ஒட்டினோம். இரும்பும் துணியும் சேர்ந்த வைத்தியம். கவர் உதிராத பீம்களுக்குத் துணி மட்டும். ஏழாவது பீம் இந்த இரண்டாவது ரகம். வெளியிலிருந்து பார்த்தால் வகுப்பிலேயே நல்ல பிள்ளை. அடியில் மயிரிழை விரிசல் ஒன்று, அவ்வளவுதான்.

துணியைக் கான்கிரீட் பிடித்துக்கொள்ளுமா என்று பார்க்கும் இழுவைச் சோதனையை நான் செய்யாமல் இல்லை. 50 எம்எம் வட்டத்தகட்டை எபாக்ஸிப் பசை போட்டு கான்கிரீட்டில் ஒட்டி, சுற்றிலும் வெட்டிவிட்டு, கருவியால் இழுத்துப் பிய்க்கிற சோதனை. குறைந்தது 1.4 எம்பிஏ (மெகாபாஸ்கல்) வர வேண்டும். அந்தத் தகட்டுக்கு அது சுமார் 280 கிலோ இழுவை. பிய்யும்போது பசையில் பிய்யாமல் கான்கிரீட்டில் பிய்ய வேண்டும். ஏழாவது பீமில் மூன்று இடத்தில் பார்த்தேன்: 1.9, 2.2, 1.7. மூன்றும் கான்கிரீட்டோடுதான் வந்தன. தகட்டின் முதுகில் ஒட்டியிருந்த ஜல்லியைக்கூட போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

மூன்று இடமும் நடுப்பகுதியில். அதுதான் விஷயம்.

தூண் பக்கம் ஏன் பார்க்கவில்லை என்றால், அங்கே பீமின் அடியில் நாலு அங்குல இடைவெளியில் மேல்வீடுகளின் கழிவுநீர்க் குழாய் குறுக்கே ஓடியது. நாலு அங்குலத்தில் ரோலர் நுழையும், துணியைக் கையால் நீவி ஒட்ட முடியும், ஆனால் இழுவைக் கருவி நுழையாது. குழாயைக் கழற்றினால் மேலே மூன்று வீடுகளுக்குக் குளியலறை கிடையாது. அதனால் கருவி நிற்கிற இடத்தில் சோதனை செய்தேன். அன்றைக்கு இது நியாயமாகத்தான் தெரிந்தது. கருவி நுழைய விடாத அதே குழாய்தான் அந்த ஒரு முழத்தை முப்பது வருஷமாக நனைத்துக்கொண்டும் இருந்திருக்கும் என்பது உறைக்கவில்லை. இதற்குப் பொறியியல் பட்டம்கூடத் தேவையில்லை. குழாய் இணைப்பின் கீழ் வெள்ளைப் பூத்திருந்ததைப் பார்த்த யாருக்கும் தோன்றியிருக்கும்.

மேஸ்திரி கருவி எதுவும் வைத்திருக்கவில்லை. ஒரு முழ நீளத்துக்கு 10 எம்எம் கம்பித் துண்டு. குழாய்க்கும் பீமுக்கும் நடுவே அதை விட்டு, மண்சட்டி வாங்குகிறவர்கள் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். தூணை நெருங்கியதும் கொஞ்சம் டொப். டொப் என்றால் உள்ளே கான்கிரீட் விட்டிருக்கிறது என்று அர்த்தம். அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நானும் கம்பியை வாங்கித் தட்டினேன். பக்கத்தில் தண்ணி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. உண்மையில் அப்படித்தான் கேட்டதா என்று இப்போது கேட்டால் தெரியவில்லை. நினைவில் தட்டும்போது ஒவ்வொரு தடவையும் டொப் என்றுதான் கேட்கிறது. நாலு வருஷம் யோசித்த காது எதைத்தான் கேட்காது.

இன்னொரு சோதனையும் செய்திருந்தோம். கான்கிரீட் மேல் தாமிர சல்பேட் மின்முனையை வைத்து உள்ளே கம்பியின் மின்னழுத்தத்தை அளப்பது. மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. மைனஸ் 200-க்குள் என்றால் அநேகமாகப் பயமில்லை. நடுவில் வந்தால் சொல்ல முடியாது. ஏழாவது பீமின் தூண் பக்கம், பக்கவாட்டில் வைத்துப் பார்த்ததில் வந்தது மைனஸ் 335. அறிக்கையில் "350-க்கு உட்பட்டது" என்று எழுதினேன். பொய்யில்லை. ஆனால் அதே பீமின் நடுவில் 220 என்று இருந்ததையும், தூணை நோக்கிப் போகப் போக எண் ஏறியதையும் சேர்த்து எழுதியிருந்தால் படிக்கிறவர்களுக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். அட்டவணையில் எல்லா எண்ணும் இருந்தது. அட்டவணையை யார் படிக்கிறார்கள்?

சரி, ஏன் உடைத்துப் பார்க்கவில்லை? அக்டோபர் மூன்றாவது வாரம். வடகிழக்குப் பருவமழை எந்த நாளும் பிடித்துக்கொள்ளலாம். உடைத்தால் முட்டு, சுரண்டல், துருத்தடுப்புப் பூச்சு, கலவை, அது ஆறுகிற நாள் என்று பத்து நாள் போய்விடும். ஈரமான கான்கிரீட்டில் எபாக்ஸி பிடிக்காது; காற்றில் ஈரம் கூடி பீம் வேர்த்தாலே வேலையை நிறுத்த வேண்டும். சங்கச் செயலாளர் தினமும் காலையில் வந்து, "சார், இன்னும் எத்தனை நாள் காரைத் தெருவில் விடுவது?" என்று கேட்டுவிட்டுப் போவார். கேட்பது அவர் உரிமை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு மேஸ்திரி சொன்னது தெரியாது, நான் சொல்லவில்லை.

இந்த வேலைக்குக் கார்பனை விற்றதே நான்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சங்கக் கூட்டத்தில் சிலர், பீமுக்கு அடியில் இரும்புச் சானல் கொடுத்துவிடலாமே என்றார்கள். இரும்புத் தகட்டை எபாக்ஸியால் ஒட்டுகிற முறை 1960-களிலிருந்தே உண்டு, மோசமில்லை. ஆனால் கடற்காற்றில் அந்த இரும்பையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கார் உயரமும் குறையும். நான் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் அருகே உள்ள இபாக் பாலத்தின் கதையைச் சொன்னேன். போக்குவரத்து விளக்கு நடத் துளை போடும்போது உள்ளே பாலத்தை இறுக்கிப் பிடித்திருந்த முன்னழுத்தக் கம்பிவடத்தை வெட்டிவிட்டார்கள். 1991-ல் கார்பன் பட்டைகளை ஒட்டிச் சரிசெய்தார்கள். 175 கிலோ இரும்பு செய்ய வேண்டிய வேலையை 6.2 கிலோ கார்பன் செய்தது. கூட்டத்தில் அந்த 6.2 கிலோ எடுபட்டது. சொல்லாமல் விட்டது, அங்கே நடந்தது வெட்டுக்காயம் என்பதை. எங்கே வெட்டுப்பட்டது, எவ்வளவு போனது எல்லாம் தெரியும். எங்களுடையது ஆறாத புண். புண்ணைக் கழுவாமல் கட்டுப் போட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் பாட்டியைக் கேட்டாலே சொல்லியிருப்பார்.

ஆனால் பயப்படவும் காரணமில்லை என்று ஒரு கணக்கு என்னிடம் உண்டு. ராத்திரி தூக்கம் வராதபோது அதைத்தான் எடுப்பேன். இந்தத் துணி வேலைக்கான அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் 440.2 வழிகாட்டி, துணி மொத்தமும் உரிந்து விழுந்தாலும் பழைய பீம் நிற்க வேண்டும் என்கிறது. எபாக்ஸி அறுபது டிகிரி வாக்கில் இளகிவிடும் என்பதால் தீயை நினைத்தாவது அப்படிப் பார்த்தாக வேண்டும். நிலையான பாரத்தில் 1.1 மடங்கு, ஆட்கள் சாமான்கள் பாரத்தில் 0.75 மடங்கு, இதைத் துணி இல்லாமலேயே தாங்க வேண்டும். ஏழாவது பீம் தாங்கியது. நன்றாகவே தாங்கியது.

கணக்கில் நான் போட்ட கம்பி முழு 16. உடைத்துப் பார்க்காத கம்பிக்கு வேறு என்ன விட்டம் போடுவது? முனையில் பீம் கீழ்நோக்கித் தொய்வது குறைவுதான், அங்கே அடிக்கம்பிக்கு அவ்வளவு வேலை இல்லை என்றும் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்கிறேன். ஆனால் குழாய் கம்பியை மட்டுமா நனைத்திருக்கும்? அடிக்கம்பி மேல்கம்பியைச் சுற்றிக் கட்டிய ரிங்குகள் 8 எம்எம். அடிக்கவரில் முதலில் துருப்பிடிப்பது அவைதான், தூண் பக்கம் அதிகம் வேலை செய்வதும் அவைதான்.

துணியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாங்கிய துணி சதுர மீட்டருக்கு 300 கிராம், கனம் 0.167 எம்எம்தான், அறுவதற்கு முன் 1.7 சதவீதம் நீளும். அந்த நீட்சி வரைக்கும் அதை வேலை வாங்க முடியாது. எங்கள் கான்கிரீட்டுக்கும் இரண்டு அடுக்குத் துணிக்கும் கணக்குப் போட்டால் 0.64 சதவீதத்திலேயே நிறுத்தச் சொல்கிறது. அதற்கு மேல் போனால் துணி அறாது; பிடித்துக்கொண்டிருக்கும் கான்கிரீட் தோலோடு உரிந்து வந்துவிடும். ஆக நாங்கள் விலை கொடுத்து வாங்கிய பலம் முழுவதும் கடைசியில் நிற்பது அந்த மேல்தோல் மேல்தான். அந்தத் தோலைத்தான் மேஸ்திரி தட்டிப் பார்த்தார். துணியின் முனை உரிய ஆரம்பிக்கிற இடமும் நடுவில் அல்ல, தூண் பக்கம்தான். அதற்காகத்தான் முனையில் யூ வடிவத்தில் சுற்றினோம், மூலைகளை உருட்டி, இரண்டு பக்கமும் மேலேற்றி. அது முனையைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே துரு ஊதினால்? துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். சுற்று அதையும் கொஞ்ச நாள் பிடித்துக்கொள்ளும், வெளியே காட்டாமல். காற்றும் நீரும் உள்ளே போவது குறைவதால் துருவின் வேகமும் குறையலாம். உப்பும் ஈரமும் ஏற்கெனவே உள்ளே இருந்தால் எவ்வளவு குறையும் என்பது வேறு கேள்வி.

இதுவரை சொன்னதெல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டியவை. ஒன்று மட்டும் பிறகு வேறொரு வேலையில்தான் மண்டையில் ஏறியது. ஆறாவது பீமும் ஏழாவது பீமும் ஒரே தூணில் இரு பக்கமும் சேர்பவை. அடிக்கம்பிகள் தூணுக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். ஆறாவது பீமில் துருப்பிடித்த இடத்தை உடைத்துப் புதுக் கலவை போட்டோம். அதுவரை அந்தத் துருப்பிடித்த இடம்தான் தான் அரிபட்டு அக்கம்பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைச் சுத்தம் செய்ததும் அடுத்த உப்புப்பட்ட இடம் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். ஒட்டுப்போட்ட ஓரத்தில் துரு புதிதாகக் கிளம்புவது இதனால்தான். அடுத்த இடம் எது? தூணுக்கு அந்தப் பக்கம், ஒரு முழம். அதாவது மேஸ்திரி கேட்ட சத்தம் அன்று சின்னதாக இருந்திருந்தாலும், நாங்கள் ஆறாவதைச் சரிசெய்ததே ஏழாவதைக் கெடுத்திருக்கலாம். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

"நீங்க சொன்னா சரி" என்பதில்தான் நான் அதிகம் நிற்கிறேன். அவர் ஒத்துக்கொண்டாரா, அல்லது இனிமேல் இது உன் தலையில் என்றாரா? உடைத்துப் பார்ப்போம் என்று அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? கேட்டிருப்பேன் என்றுதான் நினைக்க ஆசை. ஆனால் தினக்கூலியை என் கையில் வாங்குகிறவர் அதற்கு மேல் எப்படிச் சொல்வார்? ஒரு முழம் என்று அளவு சொன்னாரே, அதுவே அதிகம்.

போன வருஷம் வேளச்சேரியில் ஒரு வேலையில் அவரைப் பார்த்தேன். டீ குடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன், அந்த ஏழாவது பீம் ஞாபகம் இருக்கா அண்ணே என்று. "எது சார், பைப் குறுக்க போச்சே, அந்த வேலையா? அதுலதான் என் தங்கச்சி பையனுக்கு எபாக்ஸி பட்டு கை பூரா கொப்பளம்" என்றார். பீம் ஞாபகம் இல்லை. சத்தம் சரியில்லை என்று சொன்னதும் இல்லை. "நான் எல்லா வேலையிலயும் தட்டிப் பார்த்துச் சொல்லுவேன் சார்" என்று சிரித்தார். எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பஸ் ஏறுவதற்குள் அதுவும் போய்விட்டது. எல்லா வேலையிலும் சொல்கிறவர் என்றால், இதுவரை எத்தனை பேர் "பாஸ் ஆயிருச்சு அண்ணே" என்று சொல்லியிருப்போம்?

சென்ற மாதம் அந்தப் பக்கம் போனவன் உள்ளே நுழைந்தேன். பீம்களில் சுண்ணாம்பால் எழுதிய எண்கள் வெள்ளை பெயிண்டுக்கு அடியில் போய்விட்டிருந்தன. எண்ணிக்கொண்டே போய் ஏழாவதைக் கண்டுபிடித்தேன். குழாய் அப்படியே இருந்தது. இணைப்பில் யாரோ எம்-சீல் வைத்திருந்தார்கள். பீம் அடியில் கறை இல்லை, வீக்கம் இல்லை, ஒன்றுமில்லை. சாவியால் தட்டினேன். துணி ஒட்டிய பரப்பு எங்கே தட்டினாலும் ஒரே மந்தமான சத்தம்தான் தருகிறது. நடுவிலும் அதுவே, தூண்கிட்டயும் அதுவே.

வாட்ச்மேன் வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு நோட்டை நீட்டினார். பெயர், வண்டி எண் எல்லாம் எழுதிவிட்டு, "பார்க்க வந்தது" என்ற கட்டத்தில் பழைய செயலாளரின் வீட்டு எண்ணை எழுதினேன்.

"அவர் போன வருஷமே வீட்டை வித்துட்டாரே சார்" என்றார்.