முடக்குவாதத்தோடு ஆவணக் காப்பகத்தில்: என் அனுபவம்

மெட்ராஸ் டிராம் பற்றிய என் புத்தகம் ஒருவழியாகப் பதிப்பாளர் கைக்குப் போய்விட்டது. மூட்டுகள் வீங்கி இறுகிப்போகும் ருமட்டாய்டு முடக்குவாதத்தோடு ஆய்வு நூல் எழுதுகிறவர்களுக்குப் பயன்படுமென்று இதை எழுதுகிறேன். எழுதுவதைவிடத் தரவு சேர்ப்பதில்தான் உயிர் போனது.

டிராம் ஓடியது 1895 முதல் 1953 வரை. பழைய பத்திரிகைகளைத் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் சிக்கலில்லாமல் பார்த்தேன்.

மாட்டிக்கொண்டது ஓர் ஆவணக் காப்பகத்தில். செல்போனில் படம் எடுக்கக் கூடாது, பென்சிலால் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். காலையில் என் விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். பென்சிலை இறுக்கிப் பிடித்தால் அரைப் பக்கத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். எழுதித் தர அக்கா மகளைக் கூட்டிப்போனேன். "ஒரு பாஸுக்கு ஒரு ஆள்தாம்மா" என்றார் எழுத்தர். டாக்டர் சீட்டைக் காட்டினேன். "மூட்டுவலி எங்கம்மாவுக்கும்தான் இருக்கு." அத்தோடு பேச்சு முடிந்தது. அன்றைய அலைச்சலுக்கு மறுநாள் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. இப்போது நினைத்தாலும் ஆறவில்லை.

சீட்டில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. 'தொடர்ந்து எழுத இயலாது, உதவியாளர் தேவை' என்று லெட்டர்ஹெட்டில், பதிவு எண்ணும் முத்திரையுமாக டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். உதவியாளரின் அடையாள அட்டை நகலைச் சேர்த்து, மேலதிகாரிக்கே மனுக் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் போட்டு வாங்கிவிடுங்கள். அந்த சீல்தான் எனக்குக் கதவைத் திறந்தது. பொடிந்து உதிரும் தாளிலிருந்து நான் கட்டணப் பட்டியலை மெதுவாக வாசிக்க, அக்கா மகள் எழுதிக்கொண்டே வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த நோய்க்கு வாரம் ஒருமுறை போடும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். அதைப் போட்ட மறுநாள் எனக்குத் தலை நிமிராது. டாக்டரைக் கேட்டு அதைச் சனிக்கிழமை இரவுக்கு மாற்றிக்கொண்டேன். அயர்ச்சி ஞாயிறோடு போய்விடும். நீங்களாகக் கிழமையை மாற்றாதீர்கள். வாரம் ஒருமுறை போட வேண்டியதைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

முதல் வரைவு முழுக்கக் குரல் தட்டச்சுதான். வேகமாக ஓடும், ஆனால் ஆண்டுகளையும் ஆட்பெயர்களையும் நம்பக் கூடாது. ஒவ்வொன்றையும் குறிப்போடு ஒத்துப் பார்த்தே தீர வேண்டும். ஒற்றுகளைத் தனியாக உட்கார்ந்து திருத்தினோம்.

பதிப்பாளரிடம் நோயைப் பற்றி ஒப்பந்தத்துக்கு முன்பே பேசி, அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுக்கச் சம்மதம் வாங்கியிருந்தேன். ஜனவரி புத்தகக் காட்சிக்குள் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அச்சுக்கு முன் திருத்தும் மெய்ப்பையும் தாளில் அனுப்ப வேண்டாம், பிடிஎஃப் போதும், திருத்தங்களை ஒலிப்பதிவாக அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். சரி என்றார்கள்.