பலாலிக்கு 355 கிலோமீட்டர்

சென்னைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். வரைபடம் எங்கே கண்ணில் பட்டாலும் மீனம்பாக்கத்தையும் கொழும்பின் விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவையும் மனதுக்குள் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பார்ப்பேன். அந்தக் கோடு கல்பாக்கம் பக்கம் கடலில் இறங்கி, கோடியக்கரைக்குக் கிழக்கே ஓடி, மறுபடி கரையேறும் இடம் யாழ்ப்பாணத்து வலிகாமம். எங்கள் சுன்னாகம் அந்தக் கோட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது.

ஆனால் பல ஆண்டுகள் நான் வீடு போன வழி வேறு. கொழும்புக்கு ஏறக்குறைய 645 கிலோமீட்டர் பறந்து, அங்கிருந்து இரவு பஸ்ஸில் சுமார் 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டும். பஸ்ஸில் மட்டும் எட்டு மணி நேரம். அம்மா படுத்திருக்கும் வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறோமே என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு எரியும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பலாலி 2019 அக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமானது. நவம்பர் 11 அன்று சென்னையிலிருந்து வழக்கமான விமானச் சேவை தொடங்கியது. நான்கு மாதத்தில் கொரோனா அதை நிறுத்தியது. 2022 டிசம்பரில்தான் மறுபடி தொடங்கியது. அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

வான்வழியில் 355 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரை இதைவிடத் தூரம், 400-க்கும் மேல்! ஓடுவது விசிறி சுழலும் ஏடிஆர் 72. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். கால அட்டவணையோ ஒன்றேகால் மணி நேரம் என்கிறது. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரை அதில் கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், கிழக்கிலோ மேற்கிலோ எழும்பித் தெற்கே திரும்புவதும், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதும் குறுந்தூரப் பயணத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடுகின்றன. தின்னட்டும். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கடல் முழுவதும் கண்ணுக்குக் கிடைக்கிறது. இரண்டு கரைக்கும் ஒரே நேரம். கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை.

இது புதிய வழியும் அல்ல. இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. அம்மாவின் இளமையில் பலாலிக்கு விமானம் வருவது சாதாரணம். நடுவில் வந்த போர்தான் 355 கிலோமீட்டரை ஆயிரமாக்கியது.

முதல் முறை பலாலியில் இறங்கிய அன்று, வானில் சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா உலையில் அரிசி போட்டாராம். குடிவரவு வரிசையில் நின்று, ஆட்டோ பிடித்து, படலையைத் திறந்தபோது சோறு வடித்து வைத்திருந்தார். இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.