முதல் பட்டத்துக்குப் பிறகு ஆய்வுக்கூடப் பட்டம்: கோலாலம்பூரில் படிப்பவர்களுக்கு

பயோடெக், மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி என ஏதோவோர் அறிவியல் பட்டம் கையில் இருக்கிறது. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய ஆசை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த நிலையில் இருக்கும் நம் பிள்ளைகள் நிறைய. எந்த யூனிவர்சிட்டி, கட்டணம் எவ்வளவு என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் தெளிவாக வேண்டியது வேறு: படித்து முடித்ததும் எந்தத் தொழிலின் பெயரில் பதிவு செய்யப் போகிறீர்கள்?

இணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், ஆக்ட் 774, 2016இல் இயற்றப்பட்டு 2020இல் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையில் உள்ள தொழில்களைச் செய்ய மலேசிய இணைச் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் பதிவும் நடப்பிலுள்ள தொழிற்சான்றிதழும் தேவை. மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் அதில் ஒரு தொழில்; நாம் எம்எல்டி என்றும், அரசாங்க மருத்துவமனைகளில் ஜேடிஎம்பி என்றும் சொல்வது அதைத்தான். உயிர்மருத்துவம், நுண்ணுயிரியல் போன்ற துறைகளின் மருத்துவ அறிவியலாளர்களுக்குத் தனிப் பெயர்கள் உண்டு. யுகேஎம் (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்), மலாயாப் பல்கலைக்கழகம், புக்கிட் ஜாலிலில் உள்ள ஐஎம்யு ஆகியவற்றில் இருப்பது பயோமெடிக்கல் சயன்ஸ் பட்டம். மெடிக்கல் லேப் டெக்னாலஜி என்ற பெயரிலேயே பட்டம் தரும் யுஐடிஎம் புஞ்சாக் அலாம் வளாகம் பூமிபுத்ராக்களுக்கானது என்பதால், அதன் கதவு நமக்குத் திறக்காது. எனவே பாடங்கள் ஒன்றுபோல் தெரிந்தாலும், பட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்தப் படிப்பை எந்தத் தொழிலின் கீழ் ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று மன்றத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கல்லூரி விற்பனைப் பிரிவினர் வாயால் சொல்வதை நம்பிப் பணம் கட்டக் கூடாது. படிப்புகளை அங்கீகரிக்கும் எம்கியூஏ அமைப்பின் பதிவேட்டையும் திறந்து, படிப்புக்கு முழு அங்கீகாரம் இருக்கிறதா, தற்காலிக அங்கீகாரம்தானா என்று பாருங்கள்.

இரண்டாவது இளங்கலை எல்லாருக்கும் தேவைதானா என்பதையும் யோசிக்க வேண்டும். அரசாங்கத்தில் ஜேடிஎம்பி வேலைக்கு அடிப்படைத் தகுதி எம்எல்டி டிப்ளோமாதான். அந்த வேலையின் பழைய யு29 சம்பளத் தரம், 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் யு5 ஆகிவிட்டது. மாதிரிகளைக் கையாளும் வேலைதான் வேண்டும், மேற்படிப்பு நோக்கம் இல்லை என்றால் டிப்ளோமா போதும். வெளிநாட்டுக்குப் போகவோ, பிறகு ஆய்வுக்கூட நிர்வாகத்துக்கு நகரவோ நினைப்பவர்களுக்குப் பட்டம் நல்லது. அரசாங்க வேலையே குறி என்றால் எஸ்பிஎம் பஹாசா மலாயுவில் கிரெடிட் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எத்தனை பட்டம் வாங்கினாலும் அது இல்லாமல் விண்ணப்பம் நகராது. நிறக்குருடு சோதனையையும் முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். பாக்டீரியாவை வகை பிரிக்கும் கிராம் சாயத்தில் ஊதாவையும் இளஞ்சிவப்பையும் பிரித்தறிய முடியாவிட்டால் இந்தத் தொழில் ஒத்துவராது.

அடுத்தது கிரெடிட் மாற்றம். பலர் நேரத்தையும் பணத்தையும் கோட்டைவிடுவது இங்கேதான். பழைய பாடமும் புதிய பாடமும் 80 விழுக்காடாவது ஒத்துப்போக வேண்டும், மதிப்பெண் குறைந்தது சி இருக்க வேண்டும் என்பதே பொதுவான அளவுகோல். இங்கே ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரக் கற்றல். 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தின் பெயர் மட்டுமே இருக்கும். ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவருக்கு வாராந்தரத் தலைப்புகள், செய்முறை மணிகள், கற்றல் அடைவுகள் எல்லாம் உள்ள பாடத்திட்டம் வேண்டும். நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டம்தான் செல்லும், இப்போது இணையத்தில் இருப்பது செல்லாது. சென்னையிலோ பெங்களூரிலோ படித்தவர்கள் அதைப் பல்கலைக்கழக முத்திரையோடு வாங்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும், முதலில் இதைத் தொடங்குங்கள். இரண்டு பிரதியாக வாங்கிவிடுங்கள்.

பயோகெமிஸ்ட்ரி, செல் பயாலஜி, புள்ளியியல், பொது மைக்ரோபயாலஜி, சில சமயம் இம்யூனாலஜி ஆகியவை வழக்கமாக மாறும். எம்பியூ எனப்படும் கட்டாயப் பொதுப் பாடங்களையும் கேளுங்கள். கேட்காததால் அவற்றைத் திரும்பப் படிப்பவர்கள் உண்டு. ஹெமடாலஜி, ரத்த வங்கி, கிளினிக்கல் கெமிஸ்ட்ரி, ஹிஸ்டாலஜி செய்முறை, மருத்துவமனைப் பயிற்சி ஆகியவை மாறா.

ஆனால் கிரெடிட் குறைந்தால் காலமும் அதே அளவு குறையும் என்று கணக்குப் போடாதீர்கள். ஹெமடாலஜி ஒன்று முடிந்தால்தான் இரண்டு, அது முடிந்தால்தான் பயிற்சி என்று பாடங்கள் சங்கிலியாகக் கோத்திருக்கும். பல பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும். சேரும் மாதம் தவறினால் முதல் கண்ணிக்காகவே காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் "எத்தனை கிரெடிட் தருவீர்கள்?" என்பதோடு நிறுத்தாமல், கிரெடிட் மாற்றத்துக்குப் பிறகான பருவவாரியான பாட அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். அதைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

பணத்துக்கு: ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பின் அக்கவுன் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்கு எடுக்கலாம். அறிவியல் துறைப் பட்டக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு கோரலாம். ரசீதுகளை 7 ஆண்டுகள் வைத்திருங்கள். பிடிபிடிஎன் (அரசாங்க உயர்கல்விக் கடன் நிதி), எம்ஐஇடி (மஇகாவின் கல்வி நிதி) கடன்களை நம்பி இறங்குவதற்கு முன், ஏற்கெனவே ஒரு பட்டம் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லித் தகுதி உண்டா என்று கேளுங்கள்.

சேர்ந்த முதல் வாரமே ஹெபடைடிஸ் பி ஊசியைத் தொடங்குங்கள். 0, 1, 6ஆம் மாதங்களில் மூன்று ஊசி. கடைசி ஊசிக்குப் பின் ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு 10 யூனிட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பரிசோதனை. மொத்தம் எட்டு மாதம் போய்விடும். பயிற்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது நினைத்துக்கொண்டு ஓடுவதில் பயனில்லை.

ஏற்கெனவே ஒரு பட்டத்தோடு வருபவர்களுக்கு உண்மையில் புதிதாக இருப்பது பயிற்சிதான். ஆராய்ச்சிக்கூடத்தில் மாதிரி கெட்டால் மறுநாள் இன்னொன்று எடுக்கலாம். இங்கே குழாயில் இருப்பது நோயாளியின் ரத்தம். மெஷினை இயக்குவதைச் சில நாளில் கற்றுக்கொள்ளலாம். வந்த எண்ணைச் சந்தேகிக்கக் கற்றுக்கொள்ளத்தான் காலம் பிடிக்கும். பொட்டாசியம் 7க்கு மேல் வந்திருக்கிறது என்றால் முதலில் சீரத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவந்திருந்தால் செல்கள் உடைந்திருக்கின்றன. நிறம் சரியாக இருந்து, பொட்டாசியம் ஏறி, கால்சியமும் ஏஎல்பி என்ற நொதியும் சேர்ந்து விழுந்திருந்தால், ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் இடிடிஏ கலந்திருக்கலாம். அந்த உப்பில் பொட்டாசியம் இருக்கிறது, கால்சியத்தையும் பிடித்துக்கொள்கிறது. உறைதல் சோதனைக்கான நீல மூடிக் குழாயில் ரத்தமும் சிட்ரேட்டும் 9க்கு 1 என்ற விகிதம். குறைவாக நிரப்பினால் சிட்ரேட் மிஞ்சி, பிடி எனப்படும் ரத்தம் உறையும் நேரம் பொய்யாக நீளும். நிராகரித்து மறுமாதிரி கேளுங்கள். வார்டில் கோபப்பட்டாலும் கேளுங்கள்.

ரத்த வங்கியில், சிவப்பணுவில் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் சோதனை நெகட்டிவ் என்றால் வேலை முடிந்துவிடாது. ஏற்கெனவே ஆன்டிபாடி பூசிய செக் செல் போட்டு, அது ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் செல்களைச் சரியாகக் கழுவவில்லை, மிஞ்சிய பிளாஸ்மா ரீஏஜென்டை முறித்துவிட்டது என்று பொருள். அந்த நெகட்டிவ் செல்லாது, முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். தேர்விலும் இதைக் கேட்கிறார்கள், நேரடி வேலையிலும் இதில்தான் கை நழுவுகிறது.

மலேரியாப் பூச்சில் தடிமனான பூச்சை மெத்தனாலில் நிலைப்படுத்தக் கூடாது. சிவப்பணு கரைந்தால்தான் ஒட்டுண்ணி தெரியும். மெல்லிய பூச்சை நிலைப்படுத்தியே ஆக வேண்டும். ஒரே ஸ்லைடில் இரண்டும் இருந்தால் மெத்தனால் ஆவிகூடத் தடிமன் பக்கம் படாமல் சாய்த்துப் பிடியுங்கள். ஜீம்சா சாயத்தின் பிஎச் 7.2. நம் நாட்டில் நோலெசி வகை மலேரியா இருப்பதை மறக்காதீர்கள். அது மைக்ரோஸ்கோப்பில் மலேரியே வகை போலவே தோன்றும், ஆனால் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும். அதனால் மலேரியே என்று எழுதிவிட்டுப் போவது இங்கே ஆபத்து. தலசீமியாவும் அப்படித்தான் அன்றாட வேலை: எம்சிஎச் (ஒரு சிவப்பணுவில் உள்ள சராசரி ஹீமோகுளோபின்) 27 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று மட்டும் நினைத்து விடக் கூடாது.

லாக்புக்கில் கையெழுத்தை அந்தந்த வாரமே வாங்குங்கள். மேற்பார்வையாளர் இடமாற்றமாகிப் போனால் பிறகு துரத்திப் பிடிப்பது கடினம்.

வெளிநாட்டு எண்ணம் உள்ளவர்களுக்கு அமெரிக்காவின் ஏஎஸ்சிபி அமைப்பு ஆய்வுக்கூடப் பணியாளர்களுக்கு நடத்தும் அனைத்துலகத் தேர்வு உண்டு: 100 கேள்விகள், இரண்டரை மணி நேரம், 999க்கு 400 எடுத்தால் தேர்ச்சி. அங்கே உயிரியல், வேதியியல் பாடங்களையும் ஆய்வுக்கூட அனுபவத்தையும் பார்ப்பார்கள். முதல் பட்டத்தின் பாடங்களும் கைகொடுக்கலாம் என்பதால் இரண்டு பட்டத்தின் டிரான்ஸ்கிரிப்டையும் காட்டுங்கள். பாடத்திட்டத்தை இரண்டு பிரதி வாங்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.