புளூட்டோவைக் கைமாற்றிய கதை

பாடசாலை மலருக்கு எழுதும் எல்லோரும் கிரிக்கெட்டையும் விடுதிச் சாப்பாட்டையும் எழுதுவார்கள். இரண்டிலும் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் விஞ்ஞான ஆய்வுகூடத்துப் பின்வாங்கில் கூடிய முத்திரைச் சங்கத்தில் இருந்தவன் நான். உறுப்பினர் ஏழு பேர். அதில் இருவர் கணக்குப் பாடத்துக்குப் பயந்து வந்தவர்கள்.

எங்கள் அல்பங்களில் விண்வெளி என்றால் சோவியத் முத்திரைதான். ‘சி.சி.சி.பி.’ என்று வாசிப்போம். அது ரஷ்ய எழுத்தில் எஸ்.எஸ்.எஸ்.ஆர். என்று ஆசிரியர் திருத்திய பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. மூலையில் அளந்து வைத்தாற்போல் தபால் குறி, பின்புறத்தில் நக்கப்படாத பசை. சேகரிப்போருக்கென்றே குறி குத்தி விற்றார்கள் என்பது அப்போது தெரியாது. அவற்றுள் ராஜா லூனகோட் 1. 1970 நவம்பரில் நிலவின் மழைக்கடலில் இறங்கிப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் ஓடிய எட்டுச் சக்கர வண்டி. மூடி திறந்த கிடாரத்துக்குச் சக்கரம் பூட்டியது போல இருக்கும். ஐந்து பேர் கொண்ட குழு பூமியில் இருந்தபடியே திரையைப் பார்த்து அதை ஓட்டியது.

1992இல், நான் ஆண்டு 9 படித்தபோது, கலிபோர்னியாவில் இருந்த மாமா கடிதத்துக்குள் ஒரு முத்திரைத் தாளை வைத்து அனுப்பினார். அது வந்து சேர மாதங்கள் ஆயின. முந்திய அக்டோபரில் அமெரிக்கா வெளியிட்ட 29 சத முத்திரைகள், மொத்தம் பத்து. புதனுக்கு மரினர் 10 விண்கலம், வெள்ளிக்கு மரினர் 2, செவ்வாய்க்கு வைக்கிங், வியாழனுக்குப் பயனியர் 11. சனி, யுரேனஸ், நெப்டியூன் மூன்றுக்கும் வொயேஜர் 2 ஒன்றே. குப்பி விளக்கை அருகில் இழுத்து வைத்துப் பார்த்தேன். போரால் மின்சாரம் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த, டோர்ச் பற்றரிக்கும் தடை இருந்த ஊரில், நெப்டியூனையும் தாண்டிப் போய் இன்னும் பேசிக்கொண்டிருந்த இயந்திரத்தின் படம்!

பத்தாவது முத்திரை புளூட்டோ. கலம் எதுவும் இல்லை, வெறும் உருண்டை. கீழே, ‘இன்னும் ஆராயப்படவில்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இயந்திரம் இல்லாத முத்திரை யாருக்கு வேண்டும்? என் பக்கத்து வாங்கு நண்பனிடம் லூனகோட் இருந்தது. புளூட்டோவைக் கிழித்துக் கொடுத்து அதை வாங்கினேன். அவனை ஏமாற்றிவிட்டதாக ஒரு வாரம் மகிழ்ந்திருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஆசிரியர் தாளைப் பார்த்தார். “தாளையா கிழித்தாய்?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஏச்சு வாங்கியிருக்கலாம்.

1995 அக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது அல்பம் வீட்டிலேயே நின்றுவிட்டது.

நான் அறியாமல் அந்த ஒரு வரி வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. முத்திரை வெளியீட்டு விழாவே கலிபோர்னியாவின் பசடீனாவில்தான் நடந்தது. அந்த வரி உறுத்தியவர்களுள் அங்குள்ள நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுகூடத்தின் ராபர்ட் ஸ்டேலேயும் ஒருவர். புளூட்டோவை 1930இல் கண்டுபிடித்த கிளைட் டோம்போவை 1992இல் தொலைபேசியில் அழைத்து, ‘உங்கள் கோளுக்குப் போய்வர அனுமதி வேண்டும்’ என்று கேட்டிருக்கிறார். எங்கள் வாங்கில் பண்டமாற்று நடந்த அதே ஆண்டு! திட்டங்கள் பல மாறி, 2006 ஜனவரி 19 அன்று நியூ ஹொரைசன்ஸ் கலம் புறப்பட்டது. அதில் டோம்போவின் அஸ்தியில் ஒரு சிட்டிகையும் அதே 29 சத முத்திரையில் ஒன்றும் இருந்தன. 2015 ஜூலை 14 அன்று கலம் சுமார் 12,500 கிலோமீற்றர் தொலைவில் புளூட்டோவைக் கடந்தபோது, அதன் குழுவினர் அந்த முத்திரையின் பெரிய பிரதியில் ‘இன்னும் இல்லை’ என்ற பகுதியைக் கோடிட்டு அடித்துத் தூக்கிப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு ‘ஆராயப்பட்டது’ என்று புதிய முத்திரையும் வந்தது. மிகத் தொலைவு பயணித்த முத்திரை என்று பழையதற்குக் கின்னஸ் சாதனையும் கிடைத்தது.

குழுவினர் முத்திரையைத் தூக்கிப் பிடித்த அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவே, மெல்பேர்னில் இருந்த அந்த வாங்கு நண்பனை அழைத்தேன்.

“மச்சான், என்னுடைய புளூட்டோ உன்னிடம் இருக்கிறதா?”

அவனுக்கு நினைவுக்கு வரச் சற்று நேரம் பிடித்தது.

“அதுவா? அடுத்த கிழமையே ஒரு மாலைதீவு மீன் முத்திரைக்கு மாற்றிவிட்டேனே. என் லூனகோட் எங்கே?”