8 சென்ட் நிலத்துக்கு வேலி போட்ட கணக்கு

ஊட்டிக்கு அருகே தலைகுந்தா பக்கம், மலைச்சரிவில் எங்களுக்கு 8 சென்ட் இடம், அதில் சின்ன வீடு. பின்னால் அம்மா கேரட்டும் பீன்ஸும் போடுகிறார். காட்டுப்பன்றி இரண்டு முறை பாத்தியைக் கிளறிவிட்டுப் போனதும், வேலி போட்டே ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம். ஒதுக்கியது 70,000 ரூபாய். ஆனது 1,09,000.

காம்பவுண்டு சுவரே கட்டிவிடு என்றார் மாமா. எனக்கு மனம் வரவில்லை. சரிவில் மழைத் தண்ணீர் இறங்க வழி வேண்டும். அதைத் தேக்கிவைத்தால் சுவரும் மண்ணும் சேர்ந்தே வரும். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவைப் பார்த்த யாரும் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் கம்பிவலை வேலி.

முதல் தவறு அளவில். வரைபடத்தில் இடம் 70க்கு 50 அடி. கேட்டுக்கு 10 அடி போக 230 அடி வலை என்று எழுதிக்கொண்டேன். ஆனால் வரைபடம் காட்டுவது சமதள நீளம். எங்கள் இடம் மேலிருந்து கீழே 28 அடி இறங்குகிறது. கயிறு பிடித்து அளந்தபோது 70 அடிப் பக்கம் 75 அடிக்கு மேல் வந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து 11 அடி கூடுதல்.

தூணிலும் அப்படித்தான். 8 அடிக்கு ஒன்று என்று 30 சிமென்ட் தூண் போதும் என நினைத்தேன். வலையை இழுத்துக் கட்டும்போது மூலைத் தூண் உள்பக்கம் சாயும், அதனால் மூலைக்கு இரண்டு முட்டுத் தூண், கேட்டுக்கும் முட்டு என்றார் மேஸ்திரி. மொத்தம் 42 ஆனது. ஒரு தூண் 420 ரூபாய்.

கம்பியில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் வாங்கிய மலிவு வலை, இந்தப் பனிமூட்டத்தில் மூன்றாவது மழைக்கே பழுப்பேறிவிட்டது. நாங்கள் நல்ல துத்தநாகப் பூச்சுள்ள 10 கேஜ் கம்பிவலை எடுத்தோம். கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன். அதன் தடிமன் 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.64தான். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, எடையில் ஒன்றரை மடங்கு. விலையும் 19,000இலிருந்து 28,500க்குப் போனது. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நான் கேட்டு எழுதிய விலையில் அது சேர்ந்திருக்கவில்லை.

அதைவிடப் பெரிய அடி வண்டிக் கூலி. விலை விசாரித்தது மலையடிவாரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையம் கடையில். மலையேற்ற லாரிக்கு 8,000 ஆனது. லாரி எங்கள் வாசல்வரை வராது. ரோட்டிலிருந்து படிவழியே 42 தூணும் வலையும் ஜல்லியும் தோளில்தான் இறங்கின. சுமைக்கூலி 6,500. அந்த உழைப்பைப் பார்த்த பிறகு பேரம் பேச வாய் வரவில்லை.

அப்புறம் பனி. ஜூனில் குழி வெட்டலாம் என்றதற்கு, தண்ணீர் நின்றுவிடும் என்று மேஸ்திரி மறுத்துவிட்டார். ஜனவரியில் ஆரம்பித்தோம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு மூலைத் தூணுக்குக் கான்கிரீட் போடச் சொன்னது நான்தான். இரவு உறைபனி விழுந்தது. காலையில் மேல்பகுதி விரலால் தேய்த்தாலே பொடியாக உதிர்ந்தது. இறுகுவதற்கு முன் உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்தால் அப்படித்தான் ஆகுமாம். இரண்டையும் தோண்டி எடுத்து மறுபடி நட 3,000 ரூபாய். அதற்குப் பிறகு வெயில் ஏறியதும் போட்டு, மதியத்துக்குள் நிறுத்தி, கோணிப்பையும் வைக்கோலும் போட்டு மூடினோம். குளிரில் சிமென்ட் மெதுவாகத்தான் இறுகும் என்பதால் வலை இழுக்கப் பத்து நாள் காத்திருந்தோம். ஒரு தூணும் சாயவில்லை.

கேட்டுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. மார்ச் வெயிலில் இரும்பு நன்றாகக் காய்ந்த பிறகு துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பூச்சு அடிக்க வேண்டும். அதற்கு 1,500 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.