பின்பாரம்: வேட்டை இறைச்சியை முதுகுப்பைச் சட்டத்தில் கட்டுவது பற்றி

துப்பாக்கி வெடித்ததோடு வேட்டையின் கடினமான பகுதி முடிந்துவிட்டதாக எண்ணிய காலம் எனக்கும் இருந்தது. எல்க் என்னும் பெரிய மானின் இறைச்சியை முதன்முதலாக முதுகில் சுமந்து மலையிறங்கிய நாளில் அந்த எண்ணம் போயிற்று. எலும்பு நீக்கிய இறைச்சி ஏறத்தாழ 30 கிலோவை அன்று ஒரே பெரிய துணிப்பையில் போட்டு, அதை முதுகில் மாட்டும் குழாய்ச் சட்டத்தின் மேல் சாய்த்து, இரண்டே வார்களால் இறுக்கிக்கொண்டு புறப்பட்டேன். கால் மணி நேரத்துக்குள் இறைச்சி முழுவதும் பையின் அடியில் இறங்கிப் பூசணிக்காய் போலத் திரண்டு, இடப்பக்கம் தொங்கத் தொடங்கியது. சரிவில் குறுக்காக நடந்துகொண்டிருந்த நான் ஓர் அடி எடுத்து வைத்தபோது, உடல் ஒரு பக்கமும் பாரம் மறு பக்கமும் போக, முழங்கால் பாறையில் மோதியது. அன்று என்னை வீழ்த்தியது எடை அல்ல, அசைவு. அதே 30 கிலோவைப் பின்னர் பலமுறை நிம்மதியாகச் சுமந்திருக்கிறேன்.

முழு வளர்ச்சியடைந்த ஆண் எல்க்கின் பின்னந்தொடை எலும்போடு 25 கிலோவைத் தாண்டக்கூடும். முன்னங்கால் அதைவிடக் குறைவு. எலும்பு நீக்கினால் மொத்த இறைச்சி 80 முதல் 100 கிலோ வரை தேறும். தனியாள் ஒருவர் இதை மூன்று நடையாகப் பிரித்து 4 கிலோமீட்டர் தூரம் கொண்டுவருவதானால், பாரத்தோடு மூன்று முறையும் வெறும் சட்டத்தோடு இரண்டு முறையுமாக 20 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அவ்வளவு தூரம் அசைந்தாடும் சுமையோடு நடப்பது உடலால் ஆகாத காரியம்.

இதற்கென்றே வெளிச்சட்ட முதுகுப்பை இருக்கிறது. லாயிட் நெல்சன் 1920களில் வடிவமைத்த மரச்சட்டமும், 1952இல் கலிஃபோர்னியாவில் டிக் கெல்டி செய்யத் தொடங்கிய அலுமினியக் குழாய்ச் சட்டமும் இதன் முன்னோர்கள். கெல்டியின் சட்டத்தோடு இடுப்பு வாரும் பரவலானது. தோளில் தொங்கிய எடை இடுப்பெலும்புக்கு இறங்கியது. இன்றைய வேட்டைச் சட்டங்கள் பலவற்றில் பையைச் சட்டத்திலிருந்து தளர்த்தி, இரண்டுக்கும் நடுவில் இறைச்சியை வைத்து, மீண்டும் இறுக்கிக்கொள்ளலாம். சில சட்டங்களின் அடியில் பாரம் உட்காருவதற்கு மடித்து நீட்டும் தட்டு ஒன்றும் இருக்கும். எந்த வகையானாலும் இறைச்சியைச் சட்டத்தோடு கட்ட வேண்டும், பையோடு அல்ல. பையின் துணியும் தையலும் உடைகளைத் தாங்குவதற்கானவை.

வண்டியில் சுமை ஏற்றுபவர்கள், எடை முன்னால் கூடினால் முன்பாரம், பின்னால் கூடினால் பின்பாரம் என்று சொல்வார்கள். முதுகுச் சுமைக்கு அந்தப் ‘பின்பாரம்’ என்ற சொல்லைவிடப் பொருத்தமானது எனக்குக் கிடைக்கவில்லை. 30 கிலோ பாரத்தின் மையம் முதுகிலிருந்து 10 சென்டிமீட்டர் கூடுதலாகப் பின்னால் தள்ளிப் போய்விட்டால், இடுப்பிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் தோள் வார்களில் 6 கிலோவுக்கு மேல் கூடுதல் இழுப்பு விழுகிறது. அதைச் சமன் செய்ய நாம் நம்மை அறியாமலேயே முன்னால் குனிகிறோம். சிறிது நேரத்தில் கீழ்முதுகு வலி எடுக்கிறது. ஆகவே இறைச்சி முதுகை ஒட்டியும், உயரத்தில் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் அமைய வேண்டும். செங்குத்தான, கற்கள் நிறைந்த பாதை என்றால் மட்டும் நான் அதைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வேன். உயரத்தில் இருக்கும் பாரம் தடுமாறும்போது ஆளையும் சேர்த்துச் சாய்க்கும்.

எலும்பு நீக்கிய இறைச்சிக்கு வடிவம் இல்லை. அது கிட்டத்தட்ட நீரைப் போலத்தான் நடந்துகொள்கிறது; தாழ்ந்த இடம் தேடிப் போகும். இப்போது நான் அதை 8 அல்லது 10 கிலோ கொள்ளும் ஒடுக்கமான, காற்றுப் புகும் துணிப்பைகளில் பிரித்து நிரப்புகிறேன். பையின் வாயை முறுக்கி, இறைச்சியை ஒட்டியே முடிச்சுப் போட வேண்டும். மேலே நான்கு விரல் இடம் விட்டாலும் அந்த இடத்தில் இறைச்சி புரளும். இந்தப் பைகளைச் செங்கல் அடுக்குவது போலக் குறுக்காக ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடியில் தூங்குபையைச் சுருட்டித் திணித்துவிட்டால், இறைச்சி தேவையான உயரத்துக்கு எழும்பி நிற்கும். தலைச்சுமைக்குச் சும்மாடு எப்படியோ, முதுகுச் சுமைக்குத் தூங்குபை அப்படி. தூங்குபையில் இரத்தம் படாமலிருக்க அதற்குத்தான் பிளாஸ்டிக் உறை போட வேண்டும், இறைச்சிக்கு அல்ல. உடற்சூடு தணியாத இறைச்சியைப் பிளாஸ்டிக்கில் அடைத்து இறுக்கினால் அது கெட்டுப்போகும். இரவெல்லாம் பட்ட பாடு வீணாகும்.

எலும்போடு இருக்கும் கால், எடை கூடுதல் என்றாலும், கட்டுவதற்கு எளிது. முன்னங்காலின் தோள்பட்டை எலும்பு தட்டையானதால் சட்டத்தோடு பலகை போல ஒட்டிக்கொள்ளும். பின்னந்தொடையில் கணுக்கால் மூட்டுக்குக் கீழுள்ள பகுதியை நீக்கிவிட்டு, மூட்டுக்கு மேலே தசைநாருக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் துளையிட்டுக் கயிற்றைக் கோத்து, சட்டத்தின் மேல் குறுக்குக் குழாயில் கட்டிவிட்டால், அந்தக் கால் கீழே நழுவ வழியே இல்லை. வெட்டுப்பட்ட தட்டையான உட்புறம் சட்டத்தைப் பார்த்திருக்கட்டும்.

இனி கட்டு. நான் அடியிலிருந்து தொடங்குகிறேன். முதல் வார் இறைச்சியின் அடிப்பாகத்தைச் சுற்றி, சட்டத்தின் இரு பக்கக் குழாய்களையும் பிடித்துச் செல்ல வேண்டும், இரண்டாவது நடுவில், மூன்றாவது மேல் பகுதியில். இவை மட்டும் போதாது, ஏனெனில் கிடைமட்ட வார்கள் இறைச்சி கீழிறங்குவதைத் தடுக்கும் அளவுக்குப் பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுப்பதில்லை. அதற்காக மேல் மூலையிலிருந்து எதிர்ப்பக்கக் கீழ் மூலைக்கு இரண்டு கயிறுகளைப் பெருக்கல் குறி போலக் குறுக்கே இழுக்கிறேன். கயிற்றின் நடுவில் சிறு வளையம் போட்டு, முனையைக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து அந்த வளையத்துக்குள் நுழைத்துத் திருப்பி இழுத்தால், கப்பி போட்டது போல இழுவிசை பெருகும். லாரியில் சரக்குக் கட்டுபவர்களின் கைகள் தினமும் போடும் முடிச்சு இது. முனையை உருவுசுருக்காக முடிக்க வேண்டும், இருட்டில் விறைத்த விரல்களாலும் அவிழ்க்க முடிய வேண்டும் அல்லவா.

பாராகார்ட் என்ற மெல்லிய நைலான் கயிறு 4 மில்லிமீட்டர் தடிமனில் சுமார் 250 கிலோவைத் தாங்கும் என்பதால் பலர் அதை மட்டுமே நம்புகிறார்கள். அறுந்துபோவது இங்கே பிரச்சினையே அல்ல. நைலான் நனைந்தால் நீளும்; ஈரமான இறைச்சிப் பையைச் சுற்றிய நைலான் கயிறு வழியிலேயே தளரும். பட்டையான பாலியெஸ்டர் வார், அழுத்திப் பிடிக்கும் கொக்கியோடு இருந்தால், அதையே முதன்மைக் கட்டுக்குப் பயன்படுத்துங்கள். கயிறு துணைக்கு இருக்கட்டும்.

கட்டி முடித்ததும் மேல் குழாயைப் பிடித்துத் தூக்கி, பலமாக இரண்டு முறை உலுக்கிப் பார்ப்பேன். சட்டமும் இறைச்சியும் ஒரே துண்டாக அசைந்தால் சரி. சட்டம் நின்ற பிறகு இறைச்சி தனியே ஆடினால் அவிழ்த்து மறுபடியும் கட்டுவேன். அலுப்பாக இருக்கும், ஆனாலும் செய்வேன். புறப்பட்டுப் பத்து, பதினைந்து நிமிடத்தில் எப்படியும் ஒரு முறை நிற்க வேண்டும்; நடையின் அதிர்வில் இறைச்சி படிந்து, எல்லா வார்களும் சற்றுத் தளர்ந்திருக்கும்.

கொம்புகள் கடைசியில்தான். அலாஸ்காவில் மூஸ் என்னும் பெரிய மான் போன்ற விலங்குகளின் உண்ணத்தக்க இறைச்சி அனைத்தையும் எடுத்துச் செல்லும் முன் கொம்பை வேட்டை இடத்திலிருந்து கொண்டுபோகக் கூடாது என்றே விதி இருக்கிறது. கடைசிச் சுமையோடு அது வரலாம். கொம்பின் முனைகள் கழுத்துக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும். பளிச்சென்ற ஆரஞ்சுத் துணி ஒன்றை அதில் கட்டுவது அழகுக்கு அல்ல. புதருக்கு மேலே கொம்பு மட்டும் நகர்வதைப் பார்க்கும் வேறொரு வேட்டைக்காரர் அதை மானென்று நினைத்துவிடக் கூடாது.

பாரத்தைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் முதுகுக்கு ஏற்றுவதை நான் விட்டுவிட்டேன். சரிவிலோ விழுந்த மரத்திலோ சட்டத்தைச் சாய்த்து வைத்து, அதன் முன் அமர்ந்து, இடுப்பு வாரை முதலில் இறுக்கி, பிறகு தோள் வார்களைச் சரிசெய்து, முழங்காலில் புரண்டு, ஊன்றுகோலைப் பிடித்து எழுந்திருக்கிறேன். ஓடையைக் கடக்கும்போது மட்டும் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றிவிடுவேன். கால் வழுக்கினால் 30 கிலோவை நொடியில் உதறிவிட்டு எழ வேண்டும்.