புகை போகும் வழி

பிப்ரவரி 5
கறியைப் புகையில் வேகவைக்கும் பீப்பாய் அடுப்பு. பக்கத்து நெருப்புப் பெட்டியில் தணல் கனன்று கிடக்கிறது, ஆட்டுத் தொடை மட்டும் வேகவில்லை. மூடியில் உள்ள வெப்பமானி 130 டிகிரி காட்டுகிறது. கம்பி வலை மேல் இன்னொன்றை வைத்தால் 95. பட்டறையில் புகைபோக்கியைப் பீப்பாயின் உச்சியில் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார்கள். பெட்டியிலிருந்து கிளம்பும் சூடு மேலே ஏறி, முதுகோடு ஓடி, வெளியே போய்விடுகிறது. கறிக்கு வாடை மட்டும் மிச்சம்.

பிப்ரவரி 6
அண்ணி பேசினார். ரிப்போர்ட் திங்கட்கிழமை வருமாம்.

பிப்ரவரி 7
புகைபோக்கியை உள்ளே நீட்டி, அதன் வாயை வலை மட்டத்துக்கு இறக்க வேண்டும். புகை கறியைத் தொடாமல் வெளியேறக் கூடாது. பழைய இரும்புக் கடையில் துத்தநாகம் பூசிய பளபளப்பான ஜி.ஐ. குழாய் கிடந்தது. "ஒன்றும் ஆகாது சார்" என்றார் கடைக்காரர். பற்றவைக்கும்போதே அந்தத் துத்தநாகப் பூச்சு புகைந்து காய்ச்சலைக் கிளப்பும். பூச்சில்லாத கறுப்புக் குழாயைத் தேடி வாங்கினேன்.

பிப்ரவரி 9
வரவில்லை. புதன்கிழமையாம்.

பிப்ரவரி 10
குழாய் இறங்கிவிட்டது. வலை மேல் 112! மாலை முழுக்கப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் வார்டிலிருந்து கூப்பிட்டார். உடம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. புகை வெள்ளையாக வருகிறதா, நீலமாக வருகிறதா என்பதுதான் கேள்வி. நீலம்தான் நல்ல புகை. எனக்கு வெள்ளைதான் வருகிறது என்றேன். புகைபோக்கியைப் பாதி மூடு, புகை உள்ளே நிற்கும் என்றார். நின்றால் கரிப்பிசின் படிந்து கறி கசந்துபோகும் அண்ணா, மேலே திறந்தே இருக்கட்டும், கீழே வரும் காற்றைத்தான் கூட்டிக் குறைக்க வேண்டும் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் வாதாடினார். பழைய அண்ணன்!

கரி சீமைக் கருவேலங்கரி. ராமநாதபுரத்துப் பக்கம் மூட்டம் போட்டு எடுத்தது. டெக்சாஸில் கறி சுட எரிக்கும் மெஸ்கீட் மரமும் இதற்கு நெருங்கிய உறவு. அங்கே அதைக் கொண்டாடுகிறார்கள், இங்கே வேரோடு பிடுங்கச் சொல்லி வழக்குப் போடுகிறோம். வாசனைக்கு மேலே போட்ட கொய்யாக் கட்டைதான் வெள்ளைப் புகைக்குக் காரணம்: ஈரம். இனி காய்ந்த கட்டை, அதுவும் தணல் நன்றாகப் பிடித்த பிறகே.

பிப்ரவரி 11
புதன்கிழமையும் போயிற்று.

பிப்ரவரி 12
நெருப்புப் பக்கம் 150, மறுமுனை 100. பெட்டியின் வாயில் சாய்வாக ஒரு தகடு வைத்தேன். இப்போது 126, 114. தகட்டில் துளை போட்டால் இன்னும் நெருங்கும். போட மனமில்லை. எதற்கு இதெல்லாம்?

பிப்ரவரி 13
அண்ணி போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 14
காலையில் எடுத்தார். நேரில் வா என்கிறார், வேறு எதுவும் சொல்லவில்லை. அண்ணனிடம் கொடுத்தார், குரல் குழறுகிறது. நீலப் புகை வந்ததா என்றார். வந்தது என்றேன். வந்ததும் உண்மைதான், நேற்று இரவு, மெல்லிசாக.

மூடியின் விளிம்பில் மட்டும் கசிகிறது. அதை அடைக்கக் கண்ணாடி இழைக் கயிறு மதுரையில்தான் கிடைக்கும். அரை அங்குலமா, முக்கால் அங்குலமா என்று பஸ் ஏறுவதற்குள் அளந்துகொள்ள வேண்டும்.